பதில் போட்டது ஏய்ரி, போடாதது ஆடம்ஸ்: நெப்டியூன் கடிதக் கட்டு பற்றி

கேள்வி (வாசகர், 2 மார்ச்)

நெப்டியூனைக் கண்டுபிடித்த பெருமை இங்கிலாந்துக்குப் போயிருக்க வேண்டியது. ஆடம்ஸ் என்ற 26 வயதுப் பையன் 1845-லேயே கணக்குப் போட்டு, கோள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டான். கிரீன்விச்சில் அரச வானியலாளராக இருந்த ஜார்ஜ் ஏய்ரி அந்தக் காகிதத்தை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார், பதில்கூடப் போடவில்லை. ஓர் அதிகாரியின் அலட்சியத்தால் ஒரு கோளே கைநழுவிப் போனது. இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

2 மார்ச், இரவு 9.40

எனக்கு உண்டு. ஏய்ரி பதில் போட்டார். 1845 அக்டோபர் 21 அன்று ஆடம்ஸ் கிரீன்விச்சுக்கு நேரில் போய்க் காகிதத்தை விட்டுவிட்டு வந்தார், நவம்பர் 5 அன்று ஏய்ரி அவருக்குக் கடிதம் எழுதினார். 15 நாள் என்பது மெத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதில் போட்டார், அதில் ஒரு கேள்வியும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் போடாதவர் ஆடம்ஸ். பாடப் புத்தகக் கதையில் இது தலைகீழாக நிற்கிறது.

2 மார்ச், இரவு 10.15

கோபமாக எழுதிவிட்டேனோ என்று தோன்றியது, ஆனால் எடுக்கப் போவதில்லை. நான் 31 வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவிலும் பதிவறையிலும் வேலை பார்த்தவன். வந்த தபாலை இன்வர்டு பதிவேட்டில் ஏற்றுவது, எண் போடுவது, பிரிவுக்கு அனுப்புவது, பதில் போனதா என்று மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் எடுப்பது, இதுதான் என் பிழைப்பு. அதனால் 'காகிதத்தை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார்' என்று யாராவது சொன்னால் அப்படியே விட முடிவதில்லை. எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் பதில் போனது, அதற்கு மறுபதில் எப்போது வந்தது என்று பார்க்காமல் ஒரு குமாஸ்தாவைக்கூடக் குறை சொல்லக் கூடாது. ஏய்ரி விஷயத்தில் இதையெல்லாம் பார்க்க முடியும். 1846 நவம்பரில் லண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் வாசித்த அறிக்கையில் கடிதங்களைத் தேதி வாரியாக அப்படியே அச்சிட்டிருக்கிறார். நான் முதலில் படித்தது அதைத்தான்.

3 மார்ச், காலை

ஏய்ரி எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாதவர்களுக்காக. 1801-இல் பிறந்தவர், 1835 முதல் 1881 வரை கிரீன்விச்சின் தலைவர், 46 வருடம். காகிதத்தை அழிக்கவே மாட்டார். செக் புத்தகத்தின் அடிக்கட்டை, கடைக்காரருக்கு எழுதிய சீட்டு, சுற்றறிக்கை, பில், எல்லாமே கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார் என்று அவருடைய மகனே எழுதி வைத்திருக்கிறார். வந்த கடிதத்தோடு தான் அனுப்பியதன் நகலும் இருக்கும். காகிதங்களில் ஓட்டை போட்டு, கோத்து, பொருள் வாரியாகக் கட்டி வைப்பார். இதைப் படித்தபோது எங்கள் பதிவறை நினைவுக்கு வந்தது. ஓட்டையில் டேக் என்ற கோப்புக் கயிற்றை நுழைத்து, நுனியில் இருக்கும் தகரத் துண்டைக் குறுக்கே திருப்பிவிட்டால் கட்டு நிற்கும். ஓட்டையைக் கொஞ்சம் ஓரமாகப் போட்டால் நாலாவது தடவை புரட்டும்போது காகிதம் கிழிந்து தனியே வந்துவிடும். அப்படித் தனியே வந்த காகிதம்தான் தொலையும்.

சரி, நெப்டியூனுக்கு வருகிறேன்.

3 மார்ச், மதியம்

பின்னணி, சுருக்கமாக. யுரேனஸ் 1781-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1821-இல் பாரிசில் அலெக்சிஸ் பூவார் அதன் பாதைக்கு அட்டவணை போட்டார். சில வருடத்திலேயே கோள் அட்டவணையை விட்டு விலக ஆரம்பித்தது. அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறதோ என்ற சந்தேகம் பலருக்கு வந்தது. ஆடம்ஸ் கார்ன்வாலில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. 1841 ஜூலையில், இன்னும் மாணவராக இருக்கும்போதே, பட்டம் வாங்கியதும் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்தார். அந்தத் துண்டு பத்திரமாக இருக்கிறது. 1845-இல் கணக்கை முடித்தார்.

செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் வானாய்வகத் தலைவர் ஜேம்ஸ் சாலிஸ் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு கிரீன்விச் போனார். ஏய்ரி பிரான்சில் இருந்தார். அக்டோபர் 21 அன்று மறுபடியும் போனார். அன்று முதல் தடவை போனபோது ஏய்ரி வெளியே போயிருந்தார். அன்றே திரும்பப் போனபோது, ஐயா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று வேலையாள் வாசலிலேயே நிறுத்திவிட்டதாகச் சொல்வார்கள். ஆடம்ஸ் காகிதத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். அவர் சொன்ன இடம் உண்மையான இடத்திலிருந்து இரண்டு பாகைக்குள்தான் தள்ளியிருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தில் முடிவுகள்தான் இருந்தன. முடிவுக்கு எப்படி வந்தார் என்பது இல்லை. வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதிய விடைத்தாள் மாதிரி.

3 மார்ச், இரவு

இப்போது ஏய்ரி கேட்ட கேள்வி. இதைப் 'பொருத்தமில்லாத கேள்வி' என்று தள்ளிவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால் தூரத்தில் ஒரு பஸ்ஸின் விளக்கு தெரியும். எந்தத் திசையில் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை காட்டலாம். எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்வதுதான் கஷ்டம். கோளும் அப்படித்தான். யுரேனஸ் எந்தத் திசையில் நிற்கிறது என்பது ஒரு பிழை, சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது வேறு பிழை. இந்த இரண்டாவது பிழையைக் கண்டுபிடித்ததே ஏய்ரிதான். அட்டவணை சொல்லும் தூரம் கணிசமாகக் குறைவு என்று 1838-லேயே அச்சில் எழுதியிருந்தார். ஆடம்ஸ் விட்டுச் சென்ற காகிதம் முதல் பிழையை மட்டும்தான் தீர்த்தது. ஏய்ரி கேட்டது இதுதான்: உங்கள் கோள் தூரப் பிழையையும் சரி செய்யுமா?

அது அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று 1846 டிசம்பரில் சாலிசுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒரே கோளை வைத்து இரண்டு பிழையும் தீரவில்லை என்றால் தப்பு ஆடம்ஸ் மேல் இல்லை, ஈர்ப்பு விதியே செல்லுபடியாகவில்லை என்று ஆகிவிடும் என்கிறார். ஈர்ப்பு விதி நிற்பதும் விழுவதும் அந்தக் கேள்வியில் இருந்ததாக நம்பியவர் அவர். அப்படி நம்பிய ஒருவர் அதைக் கேட்காமல் எப்படி இருப்பார்? கணக்குத் தெரிந்தவர்கள், ஆடம்ஸின் தீர்வு திசைக்குச் சரியாக வந்தால் தூரத்துக்கும் வந்தே தீரும் என்பார்கள். ஆடம்ஸுக்கும் அது தெரிந்திருந்தது, அதனால்தான் கேள்வி அற்பமாகப் பட்டது. ஆனால் அதை ஏய்ரியிடம் ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்கலாமே!

4 மார்ச்

ஆடம்ஸ் பதில் எழுத முயற்சியே செய்யவில்லை என்று நான் முதல் குறிப்பில் எழுதியதுபோல் ஒலிக்கிறது. அது முழு உண்மை இல்லை, திருத்துகிறேன். 1845 நவம்பர் 13 என்று தேதியிட்டு ஏய்ரிக்கு எழுதத் தொடங்கிய ஒரு கடிதம் 2004-இல் அவருடைய குடும்பக் காகிதங்களுக்கு நடுவே கார்ன்வாலில் கிடைத்தது. தன் முறையை விளக்குவதாகத் தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது. அனுப்பவில்லை.

ஏய்ரியின் கடிதம் 5-ஆம் தேதி எழுதப்பட்டது. எட்டு நாளில் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறார். 1840 முதல் நாட்டில் எந்த மூலைக்கும் ஒரு பென்னி தபால், கேம்பிரிட்ஜிலிருந்து லண்டனுக்கு மறுநாள் போய்ச் சேரும். காசோ தூரமோ காரணம் இல்லை. அந்த அரைக் கடிதத்தைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

4 மார்ச், மாலை

ஏன் தூக்கம் வரவில்லை என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

என்னைக் கணக்கில் ஆள் ஆக்கிய பள்ளி ஆசிரியர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போன பிறகு எனக்கு ஓர் உள்நாட்டுக் கடிதம் எழுதினார். ஒரு வடிவியல் கேள்வி, கூடவே 'நீ எப்படிப் போடுகிறாய் பார்க்கலாம்' என்று ஒரு வரி. விடை அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. ஆனால் அவருக்கு எழுதும்போது அழகாக, முழுதாக எழுத வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி நிறுத்தினேன். அடுத்த வாரம் முடிக்கலாம் என்று விட்டது மாதமாயிற்று. மாதம் ஆனதும் வெறும் விடையை மட்டும் அனுப்ப வெட்கமாகிவிட்டது, தாமதத்துக்கும் காரணம் எழுத வேண்டுமே. அவர் காலமான செய்தி வந்தபோது அந்தப் பக்கம் என் டைரிக்குள்தான் இருந்தது. ஆபீசில் ஊருக்கெல்லாம் பதில் போனதா என்று துரத்தியவன் நான்.

ஆடம்ஸுக்கு நடந்தது இதுதான் என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் 'கேள்வி அற்பமானது, அதனால் பதில் போடவில்லை' என்பதை அந்த அரைக் கடிதம் ஏற்கவில்லை. அற்பம் என்றால் எட்டு நாள் கழித்து உட்கார்ந்து ஏன் எழுதுகிறார்?

5 மார்ச்

இதுவரை ஏய்ரிக்காகப் பேசினேன். இனி அவர் தவறுகள்.

நவம்பர் 5-க்குப் பிறகு ஆடம்ஸுக்கு அவர் ஒரு ரிமைண்டர்கூடப் போடவில்லை. எங்கள் ஆபீசில் 15 நாளில் முதல் நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லை என்றால் இரண்டாவது. அவ்வளவு முக்கியமான கேள்வி என்றால் எட்டு மாதம் ஏன் சும்மா இருந்தார்? அந்தச் சமயத்தில் ரயில் தண்டவாள அகலத்தை முடிவு செய்யும் அரசு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகவும் அலைந்துகொண்டிருந்தார், உண்மைதான். ஆனால் நான்கு வரிக் கடிதத்துக்கு அது சாக்கு ஆகாது.

அடுத்தது இன்னும் பெரிய தப்பு. 1846 ஜூன் 1 அன்று பாரிசில் லெவெரியே என்ற வானியலாளர் இதே கோளைப் பற்றித் தன் கணக்கை வெளியிட்டார். அது ஜூன் கடைசியில் கிரீன்விச்சுக்கு வந்தது. ஆடம்ஸின் இடத்துக்கும் லெவெரியேயின் இடத்துக்கும் வித்தியாசம் ஒரு பாகைதான். அதை ஏய்ரி பார்த்துவிட்டார். ஜூன் 26 அன்று லெவெரியேக்கு எழுதுகிறார், அதே தூரக் கேள்வி. லெவெரியே இரண்டே நாளில், ஜூன் 28 அன்று, பதில் எழுதிவிட்டார்: என் கோள் அந்தப் பிழையைத் தானாகவே தீர்க்கிறது, தேடிப் பார்க்க உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் துல்லியமான இடத்தையும் அனுப்புகிறேன் என்று. ஒரே கேள்வி இரண்டு பேரிடம் போனது. ஒருவர் இரண்டு நாளில் பதில் போட்டார், மற்றவருடைய பதில் பாதியில் நின்றுவிட்டது.

ஆனால் அந்த ஜூன் 26 கடிதத்தில் ஆடம்ஸின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. இங்கேயும் ஒருவர் இதே இடத்தைச் சொல்லியிருக்கிறார் என்று லெவெரியேயிடம் சொல்லவில்லை. துல்லியமான இடம் அனுப்புகிறேன் என்றவருக்குப் பதிலும் போடவில்லை. இந்த இரண்டுக்கும் என்னால் நியாயம் சொல்ல முடியாது. அக்டோபர் 14 அன்று, கோள் பெர்லினில் கிடைத்து எல்லாம் முடிந்த பிறகு, இங்கிலாந்திலும் இணையாக ஒரு கணக்கு நடந்தது என்று ஏய்ரி எழுதியபோது லெவெரியே கொதித்துப்போய்ப் பதில் எழுதினார். கொதிக்கத்தான் செய்வார்.

5 மார்ச், இரவு

ஏய்ரி தேடவே இல்லை என்பதும் தவறு என்று சேர்க்க மறந்துவிட்டேன். 1846 ஜூலை 9 அன்று சாலிசுக்கு எழுதி, கேம்பிரிட்ஜின் பெரிய தொலைநோக்கியால் அந்தப் பகுதியைத் தேடச் சொன்னார், ஆள் இல்லையென்றால் உதவியாளரைத் தருவதாகவும் சொன்னார். நான்கு நாள் கழித்து மறுபடி எழுதினார், கையில் இருக்கும் மற்ற வேலை தாமதித்தாலும் போய்விடாது, இதுதான் முக்கியம் என்று. ஆடம்ஸுக்குப் போடாத நினைவூட்டல் சாலிசுக்குப் போயிருக்கிறது.

சாலிஸ் ஜூலை 29 அன்று ஆரம்பித்தார். மூவாயிரத்துக்கு மேல் நட்சத்திர இடங்களைக் குறித்தார். ஆகஸ்ட் 4, 12 இரண்டு நாளும் நெப்டியூனையே குறித்திருக்கிறார், தெரியாமல். ஆகஸ்ட் 12 பட்டியலை ஜூலை 30 பட்டியலோடு ஒப்பிட்டவர் 39-ஆவது நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டார். 49-ஆவது நட்சத்திரம் ஜூலை 30 பட்டியலில் இல்லை. அதுதான் கோள். பதிவேட்டில் பத்து வரி! சரிபார்க்கும் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பத்து வரி எப்படி வலிக்கும் என்று தெரியும்.

6 மார்ச்

பெர்லின் பக்கம் நடந்ததையும் கடிதமாகவே பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

யோகான் காலே பெர்லின் வானாய்வகத்தில் உதவியாளர். 1845-இல் தன் ஆய்வேட்டை லெவெரியேக்கு அனுப்பியிருந்தார். லெவெரியே அதற்கு நன்றிகூட எழுதவில்லை, ஒரு வருடம் போயிற்று. பிரான்சில் யாரும் தனக்காகத் தொடர்ந்து தேடத் தயாராக இல்லை என்று ஆன பிறகு, 1846 செப்டம்பர் 18 அன்று, அந்தப் பழைய நிலுவையை எடுத்தார். ஆய்வேட்டைப் புகழ்ந்துவிட்டு, இந்த இடத்தில் ஒரு கோளைத் தேடிப் பார்ப்பீர்களா என்று கேட்டார். கடிதம் 23-ஆம் தேதி வந்து சேர்ந்தது. காலே தலைவர் என்கேயிடம் அனுமதி கேட்டார். அன்று என்கேக்கு 55-ஆவது பிறந்தநாள், சாயங்காலம் வீட்டில் விருந்து, தொலைநோக்கி சும்மா கிடந்தது. தாரெஸ்ட் என்ற மாணவரும் சேர்ந்துகொண்டு, புது நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டால் என்ன என்று யோசனை சொன்னார். காலே கண்ணை வைத்து ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொல்ல, தாரெஸ்ட் மேஜையில் வரைபடத்தில் சரி பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே ஒன்று வந்தது, 'அது படத்தில் இல்லை' என்றார் தாரெஸ்ட். லெவெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவு.

25-ஆம் தேதி காலே எழுதினார்: 'நீங்கள் இடம் சுட்டிய கோள் உண்மையாகவே இருக்கிறது.' ஒரு வருடம் தாமதமான நன்றிக் கடிதத்துக்கு இப்படி ஒரு பதில் வந்திருக்கிறது.

அந்த வரைபடத் தாள் அச்சாகியிருந்தது, கேம்பிரிட்ஜுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் சாலிஸ் தானே மூவாயிரம் நட்சத்திரத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. நேற்று அவர்மேல் கொஞ்சம் கடுமையாகவே இருந்துவிட்டேன், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

7 மார்ச்

விஷயத்தை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாரிசிலிருந்து பெர்லினுக்கு ஐந்து நாள் என்று எழுதியதும் சென்னை நினைவு வந்தது. 26 வருடம் கழித்து, 1872 நவம்பர் 30 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சனுக்கு ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் ஒரு தந்தி அடித்தார். பீலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி நட்சத்திரம் அருகே தேடு. அவ்வளவுதான் செய்தி. நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டியிருந்தன, உடைந்து காணாமல் போயிருந்த பீலா வால்நட்சத்திரத்தின் துகள்கள்தான் அவை என்று நினைத்து, அது போன திசையைத் தெற்கே இருப்பவரிடம் பார்க்கச் சொன்னார். சென்னையில் டிசம்பர் தொடக்கம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், இரண்டு விடியலும் மேகம். மூன்றாவது விடியலில் மேகம் கொஞ்சம் விலகியது, அங்கே ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பீலாவே இல்லை, வேறொன்று. தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தில் பார்த்திருக்கிறார்.

நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்குள் அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. ஒரு தடவை அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தேன், எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

8 மார்ச்

நெப்டியூன் பற்றிய கடிதங்களை ஏய்ரி சேர்த்துக் கட்டிவைத்த கட்டுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

1960-களில் யாரோ ஓர் ஆய்வாளர் கேட்டபோது அந்தக் கட்டு கிரீன்விச் வானாய்வக நூலகத்தின் அலமாரியில் இல்லை. கடைசியாக அதைப் பார்த்தவர் அங்கே வேலை பார்த்த ஓலின் எகன் என்ற அமெரிக்க வானியலாளர். ஏய்ரியைப் பற்றியும் சாலிசைப் பற்றியும் ஓர் அறிவியல் வாழ்க்கை அகராதிக்குக் கட்டுரை எழுதியவர். கேட்டார்கள், என்னிடம் இல்லை என்றார். ஆஸ்திரேலியா போனார், பிறகு சிலி போனார், ஒவ்வொரு முறையும் அதே பதில். 1998 அக்டோபர் 2 அன்று அவர் இறந்தார். சிலியில் அவருடைய காகிதங்களைப் பிரித்தபோது நெப்டியூன் கட்டு இருந்தது. கூடவே கிரீன்விச் நூலகத்தின் வேறு புத்தகங்களும் ஆவணங்களும், எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்கு மேல். 1999-இல், கிரீன்விச் ஆவணங்கள் இப்போது இருக்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. முப்பது வருடத்துக்கு மேல், இந்த விவகாரத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏய்ரி அச்சிட்ட அறிக்கையையே பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

8 மார்ச், இரவு

எங்கள் பதிவறையில் ஒரு விதவையின் ஓய்வூதியக் கோப்பு காணாமல் போயிற்று. நான்கு வருடம் அந்த அம்மா வந்தார். வெள்ளிக்கிழமை வருவார், கையில் ஒரு மஞ்சள் பை, பையில் ஒப்புகைச் சீட்டுகள். நான் ஒவ்வொரு முறையும் பதிவேட்டைத் திருப்பி 'உங்கள் மனு வந்திருக்கிறது அம்மா, பிரிவுக்குப் போயிருக்கிறது' என்று காட்டுவேன். அது உண்மைதான், ஆனால் அவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? கடைசியில் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் வீட்டு பீரோவில் மற்ற காகிதங்களோடு கிடந்தது என்று அவர் மகன் கொண்டுவந்து கொடுத்தான். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போனது. கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கோப்பைத் திறந்தபோது டேக் நுனித் தகரம் துருப்பிடித்து, முதல் பக்கத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது.

எகன் ஏன் எடுத்தார், ஏன் மறுத்தார் என்று பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் துருக் கோடுதான் ஞாபகம் வருகிறது.

9 மார்ச்

ஒரு நண்பர் நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார்: ஏய்ரி தனக்குச் சாதகமான கடிதங்களை மட்டும் 1846 அறிக்கையில் போட்டிருந்தால்?

இதைப் பற்றி நிறைய யோசித்தேன். அறிக்கையில் ஹசி என்ற பாதிரியாரின் கடிதம் இருக்கிறது. 1834 நவம்பரில், ஏய்ரி இன்னும் கிரீன்விச் போகாத காலத்தில், யுரேனசுக்கு அப்பால் ஒரு கோள் இருக்கலாம், தேடலாமா என்று அவர் கேட்கிறார். வெளியிலிருந்து வரும் அப்படி ஓர் இழுப்பைக் கணக்கால் கண்டுபிடிக்கத் துளியும் நம்பிக்கை இல்லை என்று ஏய்ரி பதில் எழுதுகிறார். பன்னிரண்டு வருடத்தில் அவர் சொன்னது முழுக்கத் தப்பாகிவிட்டது. அந்தப் பதிலைத் தன் கையாலேயே எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். மறைக்க நினைப்பவர் முதலில் மறைத்திருக்க வேண்டிய காகிதம் அதுதான். அவர் மேல் இன்று நாம் சாட்டும் குற்றம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் அவரே வைத்திருந்த கட்டுதான். லெவெரியேக்கு ஆடம்ஸ் பெயரை எழுதவில்லை என்பதுகூட அவர் வைத்திருந்த நகலிலிருந்தே தெரிகிறது.

ஆடம்ஸின் பக்கத்தில் அந்த அரைக் கடிதம் வெளியே வர 159 வருடம் ஆனது. அதுவரை அவரை அதிகம் பேர் கேள்வி கேட்கவில்லை.

9 மார்ச், சிறு குறிப்பு

ஆடம்ஸைத் தாழ்த்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செப்டம்பர் 2, 1846 அன்று புதுத் தீர்வோடு ஏய்ரிக்கு எழுதினார், அதில் தூரக் கேள்விக்கும் பதில் இருந்தது. பத்து மாதம் கழித்து வந்த அந்தப் பதிலைப் பிரிக்க ஏய்ரி ஊரில் இல்லை, ஜெர்மனியில் பயணத்தில் இருந்தார். கோள் கிடைத்த செய்தியே அங்கே கோத்தா என்ற ஊரில் ஹான்சன் என்ற வானியலாளர் வீட்டில் இருந்தபோதுதான் அவருக்குக் கிடைத்தது.

ஆடம்ஸ் பிறகும் யார் மேலும் பழி சொல்லவில்லை. 1847-இல் சர் பட்டம் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றார். 1881-இல் ஏய்ரி ஓய்வுபெற்றபோது அரச வானியலாளர் பதவி அவரிடம்தான் வந்தது, வயதாகிவிட்டது என்று அதையும் மறுத்துவிட்டார். சம்மதித்திருந்தால் ஏய்ரி கட்டிவைத்த கட்டுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பாளர் ஆகியிருப்பார்.

11 மார்ச்

நவம்பர் 5 கடிதத்தை நேற்று மறுபடி படித்தேன். முதல் வரியில் 'சில நாட்களுக்கு முன் நீங்கள் இங்கே விட்டுச் சென்ற காகிதத்துக்கு மிக்க நன்றி' என்கிறார். தேதியில் அவ்வளவு கறாரான மனிதர் 15 நாளைச் 'சில நாட்கள்' என்று எழுதியது எனக்கு உறுத்தியது. அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று தேடினேன். அவருடைய மகன் ஆஸ்மண்ட் பிறந்தது 1845 அக்டோபர் 29. ஆடம்ஸ் வாசலில் நின்ற நாளில் மனைவிக்கு நிறைமாதம். குழந்தை பிறந்து ஏழாவது நாள், முன்பின் பார்த்திராத ஒரு பையனின் காகிதத்தை எடுத்து, 1690-இல் ஃபிளாம்ஸ்டீட் என்ற பழைய வானியலாளர் கோள் என்று தெரியாமலே பார்த்த யுரேனஸ் வரைக்கும் எண்களைப் பார்த்து, திருப்தியாக இருக்கின்றன என்று சொல்லி, ஒரு கேள்வியும் கேட்டு எழுதியிருக்கிறார்.

முதல் குறிப்பில் மெத்தனம் என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன். எட்டு மாதம் நினைவூட்டல் போடாதது பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.